ரிப்போட் எல்லாம் நோர்மல், வயிறு மட்டும் நோகுது: ஐ.பி.எஸ்.ஸும் குடலின் காவல்காரரும்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரப் பாமசி ஒன்றில் மருந்து கொடுக்கிறேன். மத்தியான பஸ் போன பிறகு கடையில் ஆட்கள் குறைவு. அந்த நேரமாகப் பார்த்துத்தான் அந்த அம்மா வருவார். ஊர் புதுக்குடியிருப்புப் பக்கம். கையில் எப்போதும் ஒரு சொப்பிங் பை, அதற்குள் மடித்து மடித்து மடிப்புகள் கிழியத் தொடங்கிய ரிப்போட்டுகள். போன மாரிக்கு முன்னால் ஒருநாள் இரத்தம், மலம், ஸ்கான், கொலனோஸ்கொப்பி என்று எல்லாவற்றையும் கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

"எல்லாம் நோர்மலாம் பிள்ளை. ஐ.பி.எஸ். எண்டு எழுதிப்போட்டு, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ எண்டு சொல்லி விட்டிட்டினம். சாப்பிட்ட கையோடை குத்துது, ஓடிப்போய் இருந்தால்தான் கொஞ்சம் விடும். ஒண்டுமில்லாட்டி இந்தக் குத்து எங்கையிருந்து வருது? நான் என்ன, பொய்யே சொல்லுறன்?"

அன்றைக்கு அவருக்கு நின்ற நிலையில் பத்து நிமிடம் சொன்னதைத்தான் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்கள் அவர் ஒருவர் மட்டுமில்லை.

முதலில் ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது குடல் கூசிப்போய்த் தொந்தரவு தரும் நிலை) என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். மூன்று மாதமாக, கிழமைக்கு ஒருநாளாவது வயிற்றுநோ வர வேண்டும். அந்த நோ மலம் கழிப்பதோடு தொடர்பாக இருப்பது, போகிற தடவை மாறுவது, மலத்தின் பதம் மாறுவது என்ற மூன்றில் இரண்டாவது கூட இருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ரோம் அளவுகோல் என்று வைத்தியர்கள் சொல்வதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பின் சாரம் ஏறத்தாழ இதுதான். சிலருக்கு வயிற்றாலை போகும், சிலருக்கு இறுகும், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். இந்த இறுக்கமான அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் உலகில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இது இருக்கிறது.

பெருங்குடலுக்குள் கமராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கொப்பி எதைத் தேடுகிறது? புண், கட்டி, இரத்தக் கசிவு, சிவந்து வீங்கிய தோல், அதாவது கண்ணுக்குத் தெரிகிறவற்றை. ஐ.பி.எஸ். உள்ளவரின் குடல் அந்தக் கமராவுக்கு வழவழவென்று நல்ல இளஞ்சிவப்பாகத்தான் தெரியும். அதனால்தான் நெடுங்காலம் இதை "நரம்புத் தளர்ச்சி", "மனப்பிரமை" என்றெல்லாம் ஒதுக்கி வைத்தார்கள். கடந்த இருபது, இருபத்தைந்து வருடங்களில்தான் அந்த இளஞ்சிவப்புத் தோலில் ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டிக்குக் கீழே கவனமாகப் பார்த்தார்கள். பலருடைய குடலில் நிர்ப்பீடனக் கலங்கள் அமைதியாக இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது.

நிர்ப்பீடனம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைத்தான் வெளியில் நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். அது இரத்தத்தில் மட்டும் ஓடுகிறதாகப் பலர் நினைக்கிறார்கள். குடலோடும் நிர்ப்பீடனக் கலங்கள் ஏராளமாகக் குடியிருக்கின்றன. காரணம் லேசாக விளங்கும். நாங்கள் தின்பது, குடிப்பது, அதோடு சேர்ந்து போகும் கிருமி எல்லாம் வெளியுலகப் பொருட்கள். அவற்றுக்கும் எங்கள் இரத்தத்துக்கும் நடுவே குடலின் உட்பக்கத்தில் நிற்கும் வேலி ஒரேயொரு கலத்தின் தடிப்புத்தான். ஒரு வரிசைக் கலங்கள், தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. மூன்று, ஐந்து நாளுக்கு ஒருமுறை பழையவை உதிர்ந்து புதியவை வரும். அந்த வேலிக்கு உட்புறமாகக் காவல்காரர் நிற்கிறார்கள்.

ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் வயல் செய்தவர்களுக்கு இந்தக் காவலை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கதிர் முற்றுகிற காலத்தில் கொட்டில் போட்டு, தீ மூட்டி, ஆனை வெடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவிரவாக இருக்க வேண்டும். நல்ல காவல்காரனின் கெட்டித்தனம் வெடி கொளுத்துவதில் மட்டும் இல்லை. மர அணில் பாய்கிற சத்தம் எது, முயல் ஓடுகிற சத்தம் எது, ஆனை கிளை முறிக்கிற சத்தம் எது என்று இருட்டிலேயே பிரித்தறிந்து, தேவையில்லாத நேரத்தில் சும்மா இருப்பதுதான் பெரிய கெட்டித்தனம். குடலும் அப்படித்தான். சோறு, பருப்பு, பால், வயிற்றில் எப்போதும் வாழும் நல்ல பக்டீரியா எல்லாம் அன்றாடம் வேலியில் வந்து முட்டும். அவற்றைப் பார்த்தும் பேசாமல் இருக்க நிர்ப்பீடனம் பழகியிருக்கிறது. இதைச் சகிப்பு என்கிறார்கள்.

ஒருநாள் உண்மையாகவே ஆனை வந்து வயலை மிதித்துவிட்டுப் போனால் என்ன நடக்கும்? அடுத்த ஒரு மாதத்துக்குக் காவல்காரன் இலை அசைந்தாலும் வெடி போடுவான். ஐ.பி.எஸ்.ஸில் ஒரு பகுதியினருக்கு நடப்பது இதுதான். அவர்களுக்கு ஆனையாக வந்தது ஒரு கடும் வயிற்றோட்டம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. இரண்டாம் உலகப் போரில் வயிற்றுளைவு வந்த பிரித்தானியச் சிப்பாய்கள் சிலருக்குக் கிருமி போன பிறகும் வயிறு சரிவரவில்லை என்று வைத்தியர்கள் அப்போதே எழுதினார்கள். 1962இல் ஒக்ஸ்ஃபோர்டில் 130 நோயாளரைப் பார்த்தபோது, ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத் தொந்தரவு ஒரு வயிற்றுளைவுக்குப் பிறகே தொடங்கியிருந்தது.

ஆனால் எங்களுக்கு நெருக்கமாகப் படுகிற உதாரணம் கனடாவின் வோக்கர்ட்டன் என்ற சின்ன ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பெருமழை. மழைவெள்ளம் மாட்டெருவைக் கழுவிக்கொண்டு போய் ஊருக்குக் குடிநீர் கொடுத்த கிணற்றில் சேர்த்தது. குளோரின் ஒழுங்காகப் போடப்படவில்லை. ஈ.கோலி, கம்பைலோபக்டர் என்ற இரண்டு கிருமிகளால் ஏறத்தாழ 2300 பேர் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். ஆய்வாளர்கள் அந்த ஊரை விட்டுவிடாமல் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்தும் நோயுற்றவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு ஐ.பி.எஸ். அறிகுறி இருந்தது. நோய் வராதவர்களில் அது பத்தில் ஒருவருக்குத்தான். எட்டு வருடத்துக்குப் பிறகு பலருக்குத் தணிந்துவிட்டது. அப்போதும் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருந்தது. நோய் வராதவர்களில் அது ஐந்து.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கடும் வயிற்றோட்டம் வந்த பத்துப் பேரில் ஒருவருக்குப் பின்னால் ஐ.பி.எஸ். வருகிறது. நோய் கடுமையாகவும் நீண்டும் இருந்தவர்களுக்கு, பெண்களுக்கு, அந்த நேரத்தில் மனக்கவலையும் பயமும் கூடியிருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

இந்த வரியை முதன்முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கடுமையான வயிற்றோட்டம், நீண்ட நாள், பயம். 2009இல் முகாமில் தண்ணீர்த் தாங்கியடியில் கானோடு வரிசையில் நின்ற எங்களுக்கு இந்த மூன்றையும் விளங்கப்படுத்த வேண்டுமா? வன்னியில் எத்தனை பேருக்கு அப்படி வந்தது என்ற கணக்கை நான் இங்கே எழுத வரவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவரிடம் "எப்ப தொடங்கினது?" என்று கேட்டால், "முகாமிலை வயித்தாலை போனதுக்குப் பிறகு", "2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு" என்ற பதில்களை நானே கேட்டிருக்கிறேன். இரணைமடு நிரம்பி ஊர்க்கிணறெல்லாம் வெள்ளம் மூடிய மார்கழி அது. அந்த அம்மாவும் முகாமைத்தான் சொன்னார்.

சரி, கிருமி போய் இத்தனை காலமாகியும் ஏன் நோகிறது?

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் கம்பைலோபக்டர் தொற்று வந்தவர்களின் குடல் துணுக்குகளைப் பார்த்தார்கள். கிருமி அகன்ற பிறகும் அங்கே டி நிணநீர்க் கலங்கள் என்ற காவல்காரர் வழமையை விடக் கூடுதலாக நின்றார்கள். குடலில் செரோட்டோனின் சுரக்கும் கலங்களும் கூடியிருந்தன, வேலியும் கொஞ்சம் ஒழுகியது. செரோட்டோனினை மூளையின் சந்தோச இரசாயனம் என்று சொல்வார்கள். உடம்பில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் உண்டாகிறது. குடலை அசைப்பதும் குடல் நரம்புக்குச் செய்தி சொல்வதும் அதன் வேலை. கூடிவிட்டால் குடல் அவசரப்படும், நரம்பு கூசும்.

இந்தக் கதையின் முக்கிய ஆள் மாஸ்ட் கலம். பெயர் வைத்தவர் பவுல் ஏர்லிக் என்ற ஜெர்மனியர், 1870களின் கடைசியில். உள்ளே மணிமணியாக நிறைந்திருப்பதைக் கண்டு, நன்றாகத் தின்று கொழுத்த கலம் என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார். அந்த மணிகள் தீனி இல்லை, வெடிமருந்து. ஹிஸ்டமினும் ட்ரிப்ரேஸ் என்ற நொதியமும் வேறு பலதும் அதற்குள் இருக்கின்றன. எதிரி வந்ததாக உணர்ந்த கணத்தில் மாஸ்ட் கலம் இவற்றைச் சுற்றிலும் கொட்டும். கணவாய் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தோலில் தடிப்புத் தடிப்பாக வருவதும், தூசியில் தும்மல் வருவதும் இதே ஹிஸ்டமினால்தான்.

2004இல் இத்தாலியின் பொலோஞாவில் ஐ.பி.எஸ். நோயாளரின் குடல் துணுக்குகளை எடுத்து, மாஸ்ட் கலங்கள் எத்தனை என்று மட்டும் எண்ணாமல், நரம்பிழைக்கு எவ்வளவு கிட்ட நிற்கின்றன என்றும் அளந்தார்கள். ஐந்து மைக்ரோமீற்றருக்குள் நிற்பவற்றைத் தனியாக எண்ணினார்கள். ஐந்து மைக்ரோமீற்றர் என்றால் ஒரு மில்லிமீற்றரை இருநூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, தலைமயிர்த் தடிப்பிலும் பத்திலொன்றுக்குக் குறைவு. அப்படி நரம்போடு ஒட்டி நின்ற மாஸ்ட் கலங்கள் கூடக் கூட, அந்த நோயாளர் சொன்ன வயிற்றுநோவும் கூடியிருந்தது. "நோகுது" என்று வாயால் சொன்ன ஒன்றுக்குக் கண்ணாடித் தட்டில் ஒரு சாட்சி கிடைத்தது. இந்த விசயத்தில் நான் வாசித்தவற்றுள் மனதுக்கு ஆகப் பிடித்தது இந்த அளவுதான்.

ஹிஸ்டமின் நரம்பை என்ன செய்கிறது என்று பார்க்க அடுப்படிக்குப் போகலாம். பச்சை மிளகாய் வெட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டிருப்பீர்கள். எரிகிறதே, அங்கே நெருப்பும் இல்லை, காயமும் இல்லை. மிளகாயின் கப்சேசின் நரம்பு நுனியில் இருக்கும் ஒரு புரதக் கதவைத் திறக்கிறது, மூளை அதைச் "சுடுகிறது" என்று வாசிக்கிறது. டி.ஆர்.பி.வி.1 என்ற அந்தக் கதவை 1997இல் கண்டுபிடித்தவர் டேவிட் ஜூலியஸ். 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர். இதே கதவு குடல் நரம்பிலும் இருக்கிறது. பக்கத்தில் மாஸ்ட் கலம் ஹிஸ்டமினைக் கொட்டினால் அந்தக் கதவின் பிணைச்சல் தளர்ந்துவிடும் என்று பெல்ஜியத்தின் லூவன் நகரில் காட்டினார்கள். பிறகு சிறு தள்ளலுக்கும் அது திறக்கும். மற்றவருக்குத் தெரியவே தெரியாத கொஞ்சக் காற்று, குடல் சாதாரணமாகச் சுருங்கி விரிவது எல்லாம் இவருக்குக் குத்தாக வரும். குத்து உண்மை. நோவைக் கொண்டுபோகும் கம்பி உண்மையாகவே கூசிப் போயிருக்கிறது.

"சாப்பிட்ட கையோடை" என்றாரே, அதற்கு 2021இல் அதே லூவன் குழு ஒரு விளக்கம் தந்தது. எலிகளுக்குக் குடல் தொற்று இருக்கும் நேரத்தில் முட்டை வெள்ளைப் புரதத்தையும் தின்னக் கொடுத்தார்கள். தொற்று மாறியது. பிறகு அதே புரதத்தைக் கொடுத்தபோது எலிகளின் வயிறு கூசியது. தொற்று வராமல் அதைத் தின்ற எலிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கிருமியோடு சண்டை நடந்த இடத்தில் நின்ற பாவத்துக்கு, சாப்பாட்டுப் புரதமும் எதிரிப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சகிப்பு உடைந்துவிட்டது. அதற்கு எதிராகக் குடலில் மட்டும் ஐ.ஜி.ஈ. என்ற பிறபொருளெதிரி உண்டாகி மாஸ்ட் கலங்களில் ஒட்டிக்கொண்டது. இரத்தத்தில் அதைக் காணவில்லை.

பிறகு மனிதரில் பார்த்தார்கள். ஐ.பி.எஸ். உள்ள 12 பேரின் குடற்சுவரில் கோதுமை, குளூட்டன், சோயா, பசுப்பால் ஆகியவற்றின் புரதங்களை ஊசியால் துளித்துளியாக ஏற்றினார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஏதோ ஒன்றுக்காவது அந்த இடம் தடித்தது. நலமாக இருந்த எட்டுப் பேரில் இரண்டு பேருக்குத்தான் தடித்தது. சின்ன ஆய்வு. ஆனாலும் "எனக்குப் பாண் ஒத்துக்கொள்ளாது, ஆனா அலர்ஜி ரெஸ்ற்றிலை ஒண்டுமில்லை" என்று சொல்கிறவரை இனி யாரும் சிரித்து அனுப்ப முடியாது. தோலிலும் இரத்தத்திலும் தேடினால் கிடைக்காத ஒன்று குடலில் இருக்கலாம்.

இனி மனம். இதைத் தொட்டால் ஆட்களுக்குக் கோபம் வரும், "விசர் எண்டு சொல்ல வாறியளோ" என்று. இல்லை. அதே லூவனில் நலமான மாணவர்களைக் கூட்டத்துக்கு முன்னால் பேச வைத்தார்கள். பதற்றத்தில் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் நன்றாகக் கூடியவர்களுக்குச் சிறுகுடல் வேலி ஒழுகத் தொடங்கியது. மாஸ்ட் கலத்தைக் கட்டி வைக்கும் மருந்தை முன்கூட்டிக் கொடுத்தபோது ஒழுகவில்லை. அதாவது பதற்றம் மூளையிலிருந்து ஓமோனாக இறங்கி, மாஸ்ட் கலத்தின் கையால் குடலைத் தொடுகிறது. யோசனையும் வயிறும் ஒரே கம்பியில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. கவலைப்படுவதால் வரும் வயிற்றுநோவும் மாஸ்ட் கலம் வெடித்து வரும் வயிற்றுநோவாக இருக்கலாம்.

கடையில் நான் அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் ஒரு பிழை இருக்கிறது. நிர்ப்பீடனம் என்ற சொல் காதில் விழுந்ததும், "அப்ப எனக்குச் சக்தி குறைஞ்சு போச்சு, சக்தி கூட்டுற மா தாங்கோ" என்பார்கள். ஐ.பி.எஸ்.ஸில் நிர்ப்பீடனம் குறையவில்லை, ஓரிடத்தில் உசாராகி இறங்காமல் நிற்கிறது. அதைக் கூட்டுவதாகச் சொல்லும் மாவும் பாணியும் இதற்கு மருந்தில்லை, காசை வீணாக்காதீர்கள்.

அப்படியென்றால் அடக்கும் மருந்து கொடுக்கலாமே? நியாயமான யோசனை, அதையும் செய்து பார்த்தார்கள். நொட்டிங்ஹாமில் தொற்றுக்குப் பின் ஐ.பி.எஸ். வந்தவர்களுக்குப் பிரெட்னிசோலோன் ஸ்டெரொயிட் கொடுத்தார்கள். டி கலங்கள் குறைந்தன, நோ குறையவில்லை. கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சிக்குக் கொடுக்கும் மெசலசினும் பெரிய ஆய்வுகளில், ஒப்பிடக் கொடுக்கும் மருந்தில்லாத வெறுங்குளிசையை வெல்லவில்லை. ஆகவே இது கொலைட்டிஸ் மாதிரி ஓர் அழற்சி நோய் இல்லை. மெல்லிய, இடத்தோடு இடமாக நிற்கும் ஓர் உசார்நிலை. எல்லா ஐ.பி.எஸ்.ஸும் இந்த வழியால்தான் வருகிறது என்றும் சொல்ல முடியாது. குடல் அசைவு, பக்டீரியாக் கூட்டம், பரம்பரை என்று வேறு வழிகளும் உண்டு.

ஹிஸ்டமினை மறிக்கும் எபாஸ்டின் என்ற குளிசையை மலச்சிக்கல் இல்லாத 202 பேரில் 12 கிழமை சோதித்தார்கள். வெறுங்குளிசையை விடப் பலன் இருந்தது. ஆனால் தெளிவாகச் சுகம் கண்டவர்கள் சிறு பகுதியினரே. இதைச் சொன்னதும் அந்த அம்மா, "அப்ப பிரிட்டோன் போட்டாச் சரியோ?" என்று கேட்டார். சரியில்லை. பிரிட்டோனும் ஹிஸ்டமின் மறிப்பிதான். ஆனால் அது ஆளைத் தூங்க வைக்கும், ஐ.பி.எஸ்.ஸுக்கு அதைச் சோதித்துப் பலன் காட்டியதில்லை, வயதானவருக்கு விழுந்தெழும்ப வழி செய்யும். தானாக எடுக்க வேண்டாம்.

இன்னொரு குளிசையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அமிற்றிப்ரிலின். அதை எழுதிக் கொடுத்தால் வெளியில் யாரோ "அது விசர்க் குளிசை" என்று சொல்ல, அப்படியே குப்பையில் போடுகிறவர்கள் பலர். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு வேறு. ஐ.பி.எஸ்.ஸுக்குக் கொடுப்பது 10 மில்லிகிராமில் தொடங்கும் சின்ன அளவு. கூசிப்போன நோக்கம்பியை ஆற்றுவதற்குத்தான் அது. 2023இல் இங்கிலாந்தில் 463 பேரில் செய்த ஆய்வில், அது வெறுங்குளிசையை விடத் தெளிவாகப் பலன் தந்தது. நரம்புக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த மாஸ்ட் கலத்தை நினைத்துப் பார்த்தால், நரம்புக்கு ஏன் மருந்து என்பது விளங்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை வெங்காயம், உள்ளி, கோதுமை மா, பருப்புக் கடலை வகை, பால் ஆகியவை பலரைப் படுத்துவன. சோறு, அரிசிமா இடியப்பம், புட்டு பொதுவாகத் தொந்தரவு தருவதில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி மெலிந்து போகாமல், நாலைந்து கிழமை குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது குழப்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நேரே சொல்கிறேன். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் உடம்பு மெலிவது, இரத்தச்சோகை, காய்ச்சல், நித்திரையிலிருந்து எழுப்புகிற வயிற்றோட்டம், ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கியது, குடும்பத்தில் குடற்புற்று. இதில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று நினைத்துக் கொண்டிராமல் வைத்தியரிடம் போங்கள். அதோடு, வெள்ளம் வடிந்த கையோடு கிணற்றை இறைத்துக் குளோரின் போடும்வரை பிள்ளைகளுக்குக் கொதித்தாறிய தண்ணீர்தான். ஒரு வயிற்றோட்டத்தைத் தடுத்தால் அதற்குப் பின்னால் வரக்கூடிய வருடங்களையும் தடுக்கலாம்.

அந்த அம்மாவிடம் ஒரு எண்பது பக்கக் கொப்பியைக் கொடுத்து, சாப்பிட்டதையும் நோ வந்ததையும் எழுதச் சொன்னேன். தனக்கு எழுத்து ஓடாது, பேத்தி எழுதித் தருவாள் என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு கொண்டு வந்தார். பேத்தியின் உருண்டை எழுத்தில் நோ வந்த நாட்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தது. பாண் சாப்பிட்ட காலைகளில் பெரும்பாலும் புள்ளி இருந்தது. ஒரு வியாழக்கிழமை மட்டும் மூன்று புள்ளி. அன்றைக்குச் சோறும் கத்தரிக்காய்க் கறியும்தான், பாண் இல்லை.

"அண்டைக்கு என்ன நடந்தது அம்மா?"

"அண்டைக்குத்தான் பிள்ளை, காணாமல் போன மகன்ர விசயமாக் கதைக்கக் கூப்பிட்டவை. ஒன்பது மணிக்கு வரச்சொல்லி, பின்னேரம் மூண்டு மணிக்குத்தான் உள்ளை எடுத்தவை."

அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவிட்டேன். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ரிப்போட்டுப் பையோடு கொப்பியையும் கொண்டுபோய், டொக்டரிடம் இந்தப் பக்கத்தை முதலில் காட்டச் சொன்னேன்.